நெதுன் விதை முளைக்காத நாற்பது நாள்

மரியாயி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் அரத்தில் நெதுன் விதைகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டிருந்தாள். சிவந்த, தட்டையான விதை. பிடியில் நிற்காமல் வழுக்கியது. நான்காவது விதையிலேயே பெருவிரல் தோல் வழண்டுவிட்டது.

இலங்கையில் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஓடைக்கரையில் தேயிலை சரியாக வருவதில்லை. அங்கே நெதுன் வைக்கலாமென்று நிர்வாகம் முடிவெடுத்தது. இந்த மண்ணின் சொந்த மரம். ஈரப் பள்ளத்தில் செழிக்கும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் அதன் பலகைதான் வேண்டுமென்று கேட்டு வாங்குவார்கள். நாற்றுப் போடும் வேலை மரியாயிக்குக் கிடைத்தது. நாற்றுமேடை அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன புருஷன் அருமைநாயகத்தை இரண்டு மணிக்கொரு தரம் வந்து திருப்பிப் படுக்க வைக்கலாம். இந்த வேலை போனால் மேல்மலையில் கொழுந்து பறிக்க வேண்டும். காலையில் ஏறினால் மாலைதான் இறங்கலாம்.

அவளோ இறப்பர் விதை போடுகிற மாதிரியே மணலில் பரப்பித் தண்ணீர் தெளித்தாள். இறப்பர் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். நெதுன் நாற்பது நாளாகியும் கல்லாகக் கிடந்தது.

“நாளைக்கும் ஒண்ணும் காணலைனா மேல்மலைக்குத்தான் அக்கா,” என்று கணக்கப்பிள்ளை ஜெகன் சொல்லிவிட்டான்.

அன்று மத்தியானம் மணலைக் கிளறியபோது ஒரே ஒரு விதை உப்பியிருந்தது. ஓரத்தில் எப்போதோ மம்பட்டி பட்ட கீறல். தோல் கீறினால்தான் தண்ணீர் உள்ளே போகுமென்று மரியாயிக்குப் புரிந்துவிட்டது. அத்தனையையும் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்து அரத்தை எடுத்தாள்.

“இங்க கொண்டா,” என்றார் தலையணையில் சாய்ந்திருந்த அருமைநாயகம்.

“ஒரு கையால எதைப் பிடிப்பீங்க, எதைத் தேய்ப்பீங்க?”

“அரத்தைப் பலகையில கட்டு புள்ள. கைதான் போச்சு, புத்தி போகலை.”

“அது எப்ப இருந்துச்சு?”

கட்டிக் கொடுத்தாள். அவர் இடக்கையால் உரசினார். வாயோரம் வழிந்ததை அவள் துடைத்துவிட்டாள். “தோல் மட்டும் போனா போதுங்க. பருப்பு தெரியக் கூடாது.”

இருட்டுமுன் இருநூறு விதைகளும் முடிந்தன. தண்ணீரில் ஊறப்போட்டாள்.

மறுநாள் காலை முக்கால்வாசி விதைகள் உப்பியிருந்தன. சட்டியோடு, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்குப் போய், அவர்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த ஜெகனிடம் நீட்டினாள். அவன் ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தான்.

“மெத்துன்னு இருக்கே! சரிக்கா, நாற்றுமேடைக்கே போங்க. இன்னும் பத்து நாள் பாப்போம்.”

மரியாயி வீட்டுக்குத் திரும்பி, அருமைநாயகத்தை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். பிறகு மண் நிரப்பிய பைகளில் விதை ஊன்றப் போனாள்.