சர்வேயர் வருவதற்குள் வெள்ளையடித்தேன்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கார்த்திகை மாசத்துப் புயலில், மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியானம் வாசல்படியில் இருந்த தண்ணீர், நானும் மகளும் சர்ட்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. நான் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், ஊரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே மூன்று நாள் தங்கினோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஃப்ரிட்ஜ் மல்லாக்கக் கிடந்தது. தரையில் டைல்ஸ் பெயர்ந்து நின்றது. சமையலறையின் பின்சுவர் கீழே இறங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. எங்கும் கறுப்புச் சேறு, அழுகிய மீன் வாடை.

என் கணவர் லாரி டிரைவர். அன்றைக்கு ஆந்திராவில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதே அவர் போனில் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்கில் போட்டுக் கொடுத்தது. அன்றைக்கு அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், ஒரு வரி படிக்கவில்லை. “நான் பேங்குல சொல்லிட்டேன். சேதத்தப் பாத்து எழுத இன்சூரன்ஸ்லருந்து சர்வேயர்னு ஒருத்தர் வருவாரு. அவரு பாக்குற வரைக்கும் எதையும் தொடாத. எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெய்” என்றார். சரி என்றேன்.

சொன்னேனே தவிர, செய்யவில்லை. என் போன் தண்ணீரில் போய்விட்டது, மகள் போனில் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரு வாரமாகியும் யாரும் வரவில்லை. அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. அதைவிட, பெரிய ஆபீசிலிருந்து ஒருவர் வரும்போது வீடு இந்தக் கோலத்தில் கிடந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கூச்சமாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கொத்தனாரைக் கூப்பிட்டு வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். பெயர்ந்த டைல்ஸ் மேல் பாய் விரித்தேன். முன்னறையில் இரண்டு கை வெள்ளை அடித்தேன். இவ்வளவையும் செய்தது நான்தான். இதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் நாள் சர்வேயர் காரில் வந்தார். ஷூவைக் கழற்றப்போனவரை நான்தான் பரவாயில்லைங்க சார் என்று தடுத்தேன். சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், முன்னறையில் நாலு போட்டோ எடுத்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்ததும் போன் வந்து வெளியே போய்விட்டார். போகும்போது, “வீட்டை நல்லாத்தானே வெச்சிருக்கீங்க” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அவருக்காகப் போட்ட டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

பொங்கல் முடிந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள்தான் படித்துச் சொன்னாள். சேதம் வெள்ளத்தால் வந்தது இல்லையாம். பல வருஷமாகக் கூரை ஒழுகியதாலும் சரியாகப் பராமரிக்காததாலும் வந்ததாம். அதனால் தர முடியாதாம்.

பராமரிக்காத வீடு என்ற வார்த்தைதான் என்னைச் சுட்டது. தினம் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வாசலிலிருந்து கொல்லை வரை துடைத்துவிட்டுப் போகிறவள் நான். சர்வேயருக்குப் போன் போட்டேன். “மேடம், பாத்ததைத்தான் எழுதியிருக்கேன்” என்று வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. என் கணவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. நான் சிமெண்ட் வைத்து அடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எதிர்வீட்டில் கல்ஃபிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய் குடும்பம். அவருக்கும் அதே கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தாள் என் மகள். பெயரும் கதவு எண்ணும் தவிர அத்தனை வார்த்தையும் ஒன்றுதான். ஒரு வார்த்தையில் எழுத்துப் பிழை, அதுகூட இரண்டிலும் ஒன்றுதான். பாய் அந்த வீட்டைப் புதிதாகக் கட்டிக் குடி வந்ததே அந்த வருஷம் ஜூனில், பக்ரீத்துக்கு முந்தின வாரம். புயலுக்கு முன் அந்த வீடு ஒரு முழு மழைக்காலம்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கூரை பல வருஷமாக ஒழுகுகிறதாம்.

இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். பாய் நிதானமாக, “வுடும்மா. அல்லா உசுரக் குடுத்து வெச்சிருக்கான். இதுக்கு மேல யாரு அவங்க பின்னாடி அலையறது” என்றார். அவர் மேலும் கோபம் வந்தது. எழுதினவன் இதைத்தானே எதிர்பார்த்து எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் எதைக் காட்டிச் சண்டை போடுவது? இருந்த சாட்சியை எல்லாம் நானே தேய்த்துக் கழுவியிருந்தேனே.

மாசி வெயில் ஏறியதும் முன்னறைச் சுவரில் புது வெள்ளை பொரிந்து உதிர ஆரம்பித்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று பொடி பூத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அக்கா இருக்கிறார், உப்பளத்தில் வேலை. அவருடைய பேத்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பிள்ளையின் ஆதார் நகலைக் கொடுக்க வந்தவர், நான் சுவரைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். கிட்டே வந்து ஒரு விரலால் வழித்தார், நாக்கில் வைத்தார்.

“டீச்சர், தொடப்பத்தக் கீழ போடுங்க. இது அளத்து உப்பு. மழைத்தண்ணில உப்பு ஏது? மேல ஒழுகியிருந்தா மேலருந்து இல்ல கோடு வரும்?” என்றார். பிறகு சுவரோரமாகவே நடந்து மூன்று அறையும் பார்த்தார். “எல்லாம் ஒரே மட்டம். தண்ணி நின்ன மட்டம் இது. நாங்க தெனம் பாக்குறதுதான்.”

நானும் அப்போதுதான் பார்த்தேன். முன்னறை, படுக்கையறை, சமையலறை மூன்றிலும் இடுப்பு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. அதற்கு மேலே சுவர் சுத்தமாக இருந்தது. கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாய் வீட்டுக்கு ஓடினோம். அங்கேயும் அதே கோடு.

அக்காவே நின்று கோட்டின் உயரத்துக்கு டேப் பிடித்தார், என் மகள் போட்டோ எடுத்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு, இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகப் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். பஸ்ஸில் போகும்போதுதான் அந்த பாலிசிக் காகிதத்தை முதல் தடவையாகப் படித்தேன். புயல், வெள்ளம் இரண்டும் தெளிவாக இருந்தது. ஆனால் கட்டடத்துக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சாமானுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டுமாம். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கட்டில், மகளின் புத்தகங்கள், எதுவும் அதில் இல்லை. ஒரு வார்த்தை சொல்ல பேங்கில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வார்த்தை கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஆபீசில் அதிகாரி கடிதத்தைப் பார்த்துவிட்டு, சர்வேயர் எழுதினதுக்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் பாய்க்கு வந்த கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்த சுவர் உப்பைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

“புயலப்போ அஞ்சாறு மாசமே ஆன வீட்டுல பல வருஷத்து ஒழுகல் எப்படி சார் வரும்? கூரையிலருந்து உப்புத்தண்ணியா சார் ஒழுகும்? நாக்குல வெச்சிப் பாருங்க.”

அவர் வைத்துப் பார்க்கவில்லை. சத்தம் போடாதீங்க, அந்த எதிர்வீட்டுக்காரரு வேணும்னா தனியா கம்ப்ளெய்ன்ட் குடுக்கட்டும் என்றார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முன் கவுன்ட்டரில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாயால கத்தினா அது காத்துல போயிடும் மேடம். எழுதிக் குடுங்க. சர்வே ரிப்போர்ட் காப்பி வேணும்னு கேளுங்க, அது உங்க உரிமை. வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு மாசத்துல சரியான பதில் வரலேன்னா இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட போவலாம், அதுக்குக் காசு கெடையாது” என்றார். ஒரு வெள்ளைத்தாளும் கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த பெஞ்சிலேயே தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். சீல் வாங்காமல் நகரவில்லை.

ரிப்போர்ட் காப்பி தபாலில் வந்தது. தண்ணீர் நின்ற உயரம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒட்டியிருந்த நாலு போட்டோவிலும் நான் அடித்த வெள்ளைச் சுவர் பளிச்சென்று நின்றது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த ஆள்மேல், பாதி என்மேல்.

பங்குனியில் வேறொரு சர்வேயரை அனுப்பினார்கள். அவர் குனிந்து சுவரைச் சுரண்டினார், கோட்டை அளந்தார், கொத்தனாரைக் கூப்பிட்டு விசாரித்தார், அடைத்த வெடிப்பைத் தட்டித் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் முதல் ஆளே செய்திருக்க வேண்டிய வேலைதான். கடைசியில் சுவருக்கும் தரைக்கும் உண்டானதைக் கொடுத்தார்கள். நான் எழுதியதைப் பார்த்துப் பாயும் எழுதிக் கொடுத்தார், அவருக்கும் வந்தது. யாரும் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்த முதல் சர்வேயர் இன்றைக்கும் இந்தப் பக்கம் காரில் போகிறார்.

அந்த உப்பள அக்காவின் வீடும் அதே புயலில்தான் போனது. மண் சுவர், சிமெண்ட் ஷீட். ஒரு பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. கடன் இல்லை, அதனால் பேங்க் இல்லை, பாலிசியும் இல்லை. எனக்காக டேப் பிடித்து நின்ற அன்றைக்கு அவர் வீட்டில் சுவருக்குப் பதில் தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பணம் வந்த பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு அதே ஆபீசுக்குப் போய் இந்த மாதிரி வீட்டுக்குப் பாலிசி தருவீர்களா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் அக்கா, “வுடுங்க டீச்சர், நம்மள எல்லாம் எங்க பாக்கப் போறாங்க” என்று சிரித்தார். போன மாசம்தான் மறுபடி எழுத்தில் கேட்டுச் சீல் வாங்கி வந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. சாமானுக்கும் தனியாகப் பாலிசி எடுத்துவிட்டேன். என் தெருவில் யார் வீட்டில் தண்ணீர் ஏறினாலும் முதலில் போட்டோ எடு, அப்புறம் துடைப்பத்தைத் தொடு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும், என் சுவருக்காக அத்தனை பேர் முன்னால் கத்திய நான், இடிந்துபோன அந்தச் சுவருக்காக அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, அது ஆறவும் வேண்டாம்.