பீமின் மேல் மாமாமார்

யுத்தம் முடிந்தபின் மாம்புரிப் பக்கம் பெரிய எஞ்சின் பூட்டிய படகுகள் பெருகின. என் மனைவியின் தம்பி அங்கே எஞ்சின் திருத்தும் கொட்டகை ஒன்று போட்டான். இரண்டு தூண்களுக்குக் குறுக்கே பழைய இரும்பு பீம். அதன் கீழ் விளிம்புகளில் உருளும் சில்லு வண்டி. வண்டியில் தொங்கும் சங்கிலிக் கப்பி. மறுநாள் படகுகள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியின் எஞ்சின் வருவதாக இருந்தது. முதல் வேலை. எஞ்சின் விழுந்தால் அந்தக் கரையில் அவனுக்கு இரண்டாவது வேலை கிடையாது.

பெருநாள் லீவில் வந்திருந்த என் மனைவி கட்டட எஞ்சினியர்.

"தாங்குமா எண்டு பாத்தியா?"

"பாக்காம?" கைபேசியில் படம் காட்டினான். மாமாமார் எல்லோரும் சாரத்தை மடித்துக் கட்டி, பீமின் மேல் நீர்க்காகங்களைப் போல வரிசையாக இருந்தார்கள். நடுவில் பெரிய மாமா. ஏணியின் ஒரு படி அவரோடு போனதாம்.

"பீம் அசையவே இல்ல ராத்தா."

"மாமாமார் மேல இருந்தவங்க. எஞ்சின் கீழ தொங்கப்போகுது."

"பாரம் பாரம்தானே?"

"பீம் முறியாதுடா. சில்லு மிதிக்கிற விளிம்புதான் வளையும். கதிரையில நடுவில இருக்கிறதும் நுனியில இருக்கிறதும் ஒண்டா?"

அவள் துருவைச் சுரண்டி, விளிம்பின் தடிப்பை அளந்து, கணக்குப் போட்டு, உதட்டைப் பிதுக்கினாள். அவன் நம்பவில்லை. எஞ்சினின் எடைக்கு உப்பு மூட்டைகளை மீன்வலையில் கட்டித் தூக்கினோம். பீம் நேராகவே நின்றது. சில்லுக்கு அடியில் விளிம்பு மட்டும் நாக்குப் போலத் தாழ்ந்தது. உப்பை இறக்கிய பிறகும் அது நிமிரவில்லை.

"கொஞ்சம்தானே ராத்தா..."

"எஞ்சினும் கொஞ்சமாத்தான் விழுமா?"

வளையாத வேறோர் இடத்தில், சில்லு வண்டிக்கு இருபுறமும், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே தடித்த தகடுகளை முட்டுக் கொடுத்து வெல்டிங்கில் ஒட்டவைத்தாள். மறுபடி உப்பு. இம்முறை விளிம்பு அசையவில்லை. ஆனால் வண்டி தகடுகளுக்கிடையே சிறைப்பட்டது.

"இனி சில்லு உருளாது," என்றான் துக்கத்தோடு.

"லொறி அடியில உருண்டு வரட்டும்."

காலையில் சம்மாட்டி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இது தாங்குமா?"

என் மனைவி கணக்குத் தாளை விரித்தாள். மச்சான் அதற்குள் கைபேசியை நீட்டிவிட்டான். சம்மாட்டி படத்தைப் பெரிதாக்கி நடுவில் இருந்தவரை நெடுநேரம் பார்த்தார்.

"இவரு ஏறியும் முறியல்லையா?"

"இல்ல காக்கா."

"அப்ப தூக்கு."

எஞ்சின் ஏறியது. என் மனைவி தாளை மடித்துக்கொண்டு, விளிம்பை மட்டும் பார்த்தபடி நின்றாள். அது அசையவில்லை. பெரிய மாமாவின் புகழ் அன்று கரையோரமாக உச்சமுனைக் கிராமம் வரை போனது.