இதயத்துக்கு மேலே ஒரு கால்

கணுக்காலின் உள்பக்கம், ஒரு ரூபாய் அளவில் ஒரு புண். மூட்டை உரசியதில் வந்தது, மழைக்காலம் முழுக்க மூடவில்லை. ஆரியசாலையில் எங்கள் மிளகாய், மல்லி மொத்தக்கடையில் அண்ணன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர். நான் நின்று எடை போடுகிறவன். புண் மூடாவிட்டால் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் தராசை வேறு ஆளிடம் விட வேண்டும். அதற்கு எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலையாளி டாக்டரம்மா, காலில் முறுக்கிக்கொண்டு கிடந்த ரத்தக்குழாய்களை அழுத்திப் பார்த்தார்.

"காலை உயர்த்தி வெச்சோ?"

"வச்சேன் டாக்டர், முக்காலியில."

"அது போரா, போதாது. ஹார்ட்டுக்கு மேலே போகணும், கேட்டோ? படுத்துட்டு, காலு மேலே."

பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேலே ஏற வேண்டுமாம். கெண்டைச்சதை இறுக்கித் தள்ளும். வழியிலுள்ள சின்னச் சின்னக் கதவுகள் அது திரும்ப விழாமல் தடுக்கும். என் கதவுகள் தொய்ந்துவிட்டன. நின்றால் இதயம் வரைக்குமுள்ள ரத்தத்தின் கனம் முழுதும் கணுக்காலில் உட்காருகிறது. அப்புறம் புண் எங்கே ஆறும்? விரலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டி அனுப்பினார்.

கிழக்கேகோட்டை பஸ்ஸில் வரும்போது மொட்டைமாடித் தொட்டி நினைவுக்கு வந்தது. மாடிக் குழாயில் நூலாக வரும் தண்ணீர் கீழ்க்கடையில் பீறிட்டு அடிக்கும். தண்ணீர் அதேதான், தள்ளுவது உயரம்.

மறுநாள் மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் படுத்தேன். கிழக்குச் சுவரில் காலை ஏற்றினேன்.

"ஏய், லட்சுமி படத்துக்கா கால நீட்டுறே?" என்றார் அண்ணன்.

வடக்கே திரும்பினேன். அங்கே அவரே இருந்தார். "நான் உனக்கு அவ்வளவு எளப்பமாப் போயிட்டனா?"

தெற்கே தெருவாசல். "வர்ற ஆளுக்கு உள்ளங்காலக் காட்டி வியாபாரமாடே?"

மேற்கே அப்பாவின் படம். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "அண்ணே, அஞ்சாவதா ஒரு சுவரு கட்டித் தாங்க. புண்ணு மூடற வரைக்கும் கால இறக்க மாட்டேன்."

இத்தனை நாள் காலை முக்காலிக்கு மேல் தூக்காததும் இந்த மரியாதையால்தான். இனி முடியாது என்று எழுந்து, கொத்தனார் மட்டம் பார்க்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை எடுத்துவந்தேன். என் நெஞ்சுயரத் தட்டில் வாளி, அதற்குள் குழாயின் ஒரு முனை. தண்ணீர் நிரப்பி, மறுமுனையைக் கணுக்காலருகே பிடித்தேன். அண்ணன் வேட்டியில் பாய்ந்தது.

"லேய்!"

"இதுதான் நான் நிக்கிறது. இப்பப் பாருங்க." முக்காலி உயரத்துக்குத் தூக்கினேன், அடங்கியது, நிற்கவில்லை. வாளித் தண்ணீரின் மட்டத்துக்கு வந்ததும் நின்றது. அதற்கும் மேலே போனதும் குழாயிலிருந்த தண்ணீர் தானாகவே வாளிக்குத் திரும்பியது.

அண்ணன் வேட்டியைப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார்.

"அப்பா பக்கமே வை," என்றார் கடைசியில். "அவருக்கும் இதே காலுதான். நின்னே தீர்ந்தாரு."

மூட்டை ஏற்ற வந்த சுமட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணாச்சி, கட தலகீழாயோ?"

ரத்தம் இறங்குவதற்காக என்றேன். பரணுக்கு மூட்டையைத் தூக்கியபடியே அவர் சொன்னார்: "இறக்கான் ஆரும் மதி அண்ணாச்சி. கேற்றானல்லே ஆளு வேண்டே!" இறக்க யாரும் போதும், ஏற்றத்தானே ஆள் வேண்டும். படுத்த இடத்திலிருந்தே கைதட்டினேன். என் கெண்டைச்சதையின் வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தினமும் மத்தியானம் படுத்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள், கல்லாற்றிலிருந்து வரும் ஹோட்டல்காரர், நான் காலை இறக்கி எழும்வரை காத்திருந்து மிளகாய் வாங்கினார். புண் மல்லி விதையளவுக்கு வந்தது. பிறகு மெல்லிய ரோஜாத் தோலாக மூடியது.

"தொய்ந்த கதவு பழையபடி ஆவாது," என்றார் டாக்டரம்மா. "இறுக்கமான காலுறை, நடப்பு, மத்தியானம் காலு மேலே. விடக்கூடாது, கேட்டோ?"

கடைக்கு வந்தால் அப்பாவின் படம் ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. அண்ணன் கையில் சுத்தியல்.

"உன் குதிகால் உரசி, படச் சட்டமெல்லாம் அழுக்குடே," என்றார்.

காலுறையை இழுத்துவிட்டுத் தராசருகே போய் நின்றேன். ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே குதிகாலைத் தூக்கி இறக்கினேன். ஏற்ற ஆள் வேண்டுமே.