மாமா கோச்சாக இருந்த சீசன்

எங்கள் வீட்டில் யாரையும் சட்டென்று நம்பிவிடும் வழக்கம் கிடையாது. அப்பா டைல்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். பூட்டிய பூட்டை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவரால் அங்கிருந்து நகர முடியாது. அம்மா சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் பால் டப்பாவையே கையில் தூக்கி எடை பார்ப்பாள். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பெண் நான். நாலாம் வகுப்பிலேயே எனக்கு ஒரு போலீஸ் பார்வை வந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில்தான், வெயில் தணியத் தொடங்கிய ஒரு மாதத்தில், அம்மாவின் தம்பி ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

நாங்கள் இருந்தது ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்தில், ஃபேக்டரி குடியிருப்பில். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் வாயில் நுழையாது, எல்லாமே துபாய்தான். மாமாவுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்களும் மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தலையாட்டியிருந்தார்கள். விசாவில் ஹெல்பர் என்று போட்டிருந்தது. ஆனால் மாமாவை வரவழைத்தது கபடி டீமுக்குக் கோச்சாக இருக்க.

குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்தில் கம்பெனிகளுக்குள் கபடி நடக்கும். எங்கள் கம்பெனி டீமில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து அண்ணன்கள் இருந்தார்கள். அவர்கள் தோற்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. சிமெண்ட் கம்பெனியிடம் தோற்பார்கள், கல் குவாரியிடம் தோற்பார்கள். ஒருமுறை எதிர் டீமின் வண்டி வழியில் நின்றுபோய்ப் பாதிப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களிடமும் தோற்றார்கள்.

எங்கள் மலையாளி மேனேஜருக்கு இது மானப் பிரச்சினை. சிமெண்ட் கம்பெனி மேனேஜர் அவருடைய ஊர்க்காரர். பார்க்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாராம். அம்மா விடுவாளா, என் தம்பி மாவட்டத்துக்கே ஆடியவன் என்று அப்பாவை நச்சரித்துத் தீர்த்தாள். அப்பா போய் மேனேஜரிடம் வாக்குக் கொடுத்தார். மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்து டீ குடித்துக்கொண்டு மாமாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு சீசன் தரும். சிமெண்ட் கம்பெனிய தோற்பிச்சா விசா ரினியூ. இல்லெங்கில் கேன்சல்."

மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார். விசா போய்விடும் என்கிறார், இவர் சிரிக்கிறாரே என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

ஆட்டக்காரர்களுக்குக் கம்பெனி ஒரு சலுகை வைத்திருந்தது. விசில் ஊதுவதற்கு முன் ஏழு பேரின் பெயரைக் கோச், கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸிடம் சொல்ல வேண்டும். அந்த ஏழு பேருக்கும் அடுத்த வாரம் முழுக்க பேக்கிங் பக்கத்தில் லைட் டியூட்டி. ஏசி ஹால், உட்கார்ந்து செய்யும் வேலை, தினமும் முட்டையும் பாலும். மற்றவர்கள் எப்போதும்போல கில்ன் செக்‌ஷனுக்கு, அதாவது டைல்ஸ் சுடுகிற சூளைப் பக்கம் போவார்கள். அந்தச் சூடும் தூசியும் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து வருகிறவர்களின் புருவம் வெள்ளையாக இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

கேம்ப்பிலேயே சிறந்த ஆட்டக்காரர் பட்டுக்கோட்டை அண்ணன். பாடிக்கொண்டு எதிர்க்கோட்டுக்குள் போனாரென்றால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவார். முதல் வெள்ளிக்கிழமை மாமா அவரைச் சேர்க்கவில்லை. சேர்த்தது யாரை என்றால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருவரை. அப்பா இறந்தும் லீவு கிடைக்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒருவரை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓயாமல் இருமிக்கொண்டிருந்த ஒருவரை. அவருக்கு நான் இருமல் அண்ணன் என்றே பெயர் வைத்திருந்தேன்.

கபடியில் மூச்சு விடாமல் பாடவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். இருமல் அண்ணன் கபடி கபடி என்று போவார், கோட்டைத் தாண்டியதும் ஒரு இருமல் வரும், பாட்டு அறுந்துவிடும், நடுவர் விசில் ஊதிவிடுவார். எதிர் டீம் அவரைப் பிடிக்கவே வேண்டியதில்லை. சும்மா நின்று காத்திருந்தால் போதும்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் ஒன்றிரண்டு பேர் மாறினார்கள். புதிதாக வந்தவர்கள் பழையவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் முளைத்தது. மாமா எதிராளியிடம் விலை போய்விட்டார் என்பது அப்பாவின் சந்தேகம். அம்மாவுடையது வேறு. பெண் பிடிக்கவில்லை, கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கத்தான் வேண்டுமென்றே தோற்று ஊருக்குத் திரும்பப் பார்க்கிறான் என்று அவள் ராத்திரியெல்லாம் முணுமுணுத்தாள். பெண்ணின் போட்டோவை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோறு போடுவாள். மாமா போட்டோவையும் பார்ப்பார், இன்னொரு கரண்டி குழம்பும் கேட்பார். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் சாட்சிகளைத் திரட்டினேன். சாயங்காலப் பயிற்சிக்காக டீமை டியூட்டியிலிருந்து சீக்கிரம் விடுவார்கள். ஒருநாள் அப்பாவோடு சுண்டல் கொண்டுபோனபோது மைதானத்தில் ஆளே இல்லை. பக்கத்தில் போர்ட்டா கேபின் என்கிற தகர அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஏழு பேரும் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசலில் நாற்காலி போட்டு, யாரும் வருகிறார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

"இதாடா ஒன் பிராக்டிஸு?" என்றார் அப்பா.

"ஒடம்பு தேறணும்ல மச்சான்," என்றார் மாமா, சுண்டலை வாங்கிக்கொண்டு.

இன்னொரு சாட்சி இதைவிடப் பெரியது. குவாரியோடு நடந்த ஆட்டத்துக்கு முன்னால், எதிர் டீமின் கோச்சான ஹரியானாக்காரரை மாமா ஓரமாகக் கூட்டிப்போனார். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். "ஆராம் ஸே, பாய். கமர் மே தர்த் ஹை," என்று மாமா தன் ஓட்டை இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஹரியானாக்காரர் அவர் தோளில் தட்டி, அச்சா அச்சா என்றார். மெதுவாகப் பிடியுங்கள், இடுப்புவலி என்கிற அளவுக்கு என் பள்ளிக்கூட இந்தி எனக்குப் புரிந்தது. எதிராளியிடம் ரகசியமாகப் பேசி ஆட்டத்தை ஏற்பாடு செய்வதற்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று தோற்ற பிறகு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கடக் சாயா குடித்தார்கள்.

சேர்க்கப்படாத பட்டுக்கோட்டை அண்ணனாவது கோபப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பார். உங்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு பபிள்கம் எடுத்துக் கொடுத்தார். என் வாயை அடைக்கிறார் என்று புரிந்துகொண்டு அதை மென்றேன்.

கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சிமெண்ட் கம்பெனியோடு ஆட்டம். இரண்டு மேனேஜர்களும் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காலையிலேயே பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பட்டுக்கோட்டையைச் சேர்க்கச் சொல்லு சாமி என்று பெயர் சொல்லியே வேண்டிக்கொண்டாள். அவரும் அன்று டிரவுசர் போட்டுத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் மாமா கையசைத்து வரிசையில் நிறுத்திய ஏழு பேரில் அவர் இல்லை. இருமல் அண்ணன் இருந்தார்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. என்னையும் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மைதானத்துக்குள் நடந்தார்.

"மாப்ள, இன்னும் பேரு குடுக்கல. அந்த இருமல்காரன எடுத்துட்டு பட்டுக்கோட்டையப் போடு. ஒன் கல்யாணத்த நெனச்சுப் பாரு. ஒங்க அக்காவ நெனச்சுப் பாரு."

"பட்டுக்கோட்டைக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு மச்சான்," என்றார் மாமா. பிறகு அப்பாவின் காதருகே குனிந்து இன்னும் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.

அப்பா மாமாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். எனக்குத் தலை சுற்றியது. உடம்பு நல்லா இருக்கிறவனைத்தானே ஆடவிடவேண்டும்? இதென்ன கணக்கு?

அன்றைக்கு வாங்கிய தோல்வியை விவரிக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை. இருமல் அண்ணனுக்கு அன்று இருமல் அவ்வளவாக இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கூட வந்துவிட்டார். அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். சிமெண்ட் மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் மேனேஜர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

சொன்னபடி மாமாவின் விசாவை கேன்சல் செய்தார்கள். செய்தி போனதும் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. இப்போதைக்கு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்தவர்கள் கடைசிவரை சொல்லவே இல்லை. அம்மா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, தட்டை மட்டும் டொம்மென்று வைத்தாள். மாமா அந்தப் போட்டோவைப் பெட்டியில் வைக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் மற்றவர்கள் சாமான் ஏறுவது அங்கே வழக்கம். இதை என் வீட்டில் கொடு, அதை என் தங்கச்சியிடம் கொடு என்று ஆளுக்கொரு பார்சலோடு வருவார்கள். மாமா கிளம்பும் அன்றும் கேம்ப்பிலிருந்து கூட்டமாக வந்தார்கள். சோப்பு, பால்பவுடர், கோடாரித் தைலம், கம்பளி, பாதாம் பருப்பு. அம்மா வேண்டாவெறுப்பாகப் பேனாவை எடுத்துக்கொண்டு, எந்த ஊர், யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லக்கா. கோச்சுக்குத்தான்," என்றார் முதலில் நின்ற இடுப்புவலி அண்ணன். அடுத்தவரும் அதையே சொன்னார். ஒருவர்கூட தன் வீட்டுக்கென்று எதையும் கொடுக்கவில்லை.

இருமல் அண்ணன் கடைசியாக வந்தார். அவர்தான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நல்லா ஆடுறவன விட்டுட்டு, முடியாதவனாப் பாத்துப் பாத்துத்தான்க்கா எடுத்தாரு. சிக் லீவு போட்டா சம்பளத்தப் புடிச்சுருவான். டீம்ல இருந்தா பேக்கிங்ல கெடக்கலாம். சிமெண்ட் ஆட்டத்தன்னைக்கு மட்டும் என்னைய டீம்லேர்ந்து தூக்கியிருந்தாருன்னா மறுநா கில்ன்தான். அந்த வாரம் எனக்கு விசா மெடிக்கல். இருமிக்கிட்டுப் போய் நின்னா ஊருக்கே அனுப்பிருவான்னு பயந்து கெடந்தேன். இப்ப விசா அடிச்சுட்டான்க்கா. எனக்கு மூணும் பொம்பளப் புள்ள."

அம்மா பேனாவை மூடினாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவுவதற்கு அங்கே ஒரு டம்ளர்தான் கிடந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். ஆக, மாமா வேண்டுமென்றேதான் தோற்றிருக்கிறார். கூட்டாளிகளே வந்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வீட்டிலேயே சரியாகக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான்.

துபாய் ஏர்போர்ட்டுக்கு அப்பாவும் நானும்தான் கொண்டுபோய் விட்டோம். பிறர் பெட்டியைத் தொடாத அப்பா, மாமாவின் அட்டைப்பெட்டியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கயிற்றுக் கட்டை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. உள்ளே போகும் இடத்தில் மாமாவைக் கட்டிப்பிடித்தார். "மாப்ள," என்றார். மாமா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஸ்டோரில் ஒரு ஆணி குறைந்தாலும் விடாதவர், இத்தனை ஆட்டம் தோற்ற ஆளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

திரும்பி வரும்போது அப்பா ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி கார் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா இவருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.