பவுனம்மாளின் பதினேழு ஒன்றுகள்

கல்லூரியில் வகுப்பு எடுத்துவிட்டு வெளியே வந்தபோது, என் பள்ளித் தோழி பவுனம்மாளின் தம்பி போன் செய்தான். "அக்கா, பவுனக்கா பூட்டுச்சுக்கா. காலைலதான்." அப்படியே சாவு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பழவேற்காடு ஏரியில் அவளோடு இடுப்பளவு நீரில் இறங்கி, கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்த பெண்களுக்கு அவளைத் தெரியும். அவளுடைய கணக்கைத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்சு. ஒன்றுகளை வரிசையாக எழுதி, எந்த எண் உடைகிறது என்று பார்ப்பது எங்கள் விளையாட்டு. 111 என்பது மூன்றும் முப்பத்தேழும் பெருக்கியது. 11111 என்பது 41-ம் 271-ம். பதினேழு ஒன்றுகளில் மாட்டிக்கொண்டோம்: 11111111111111111. நாங்கள் போட்டுப் பார்த்த எதனாலும் வகுபடவில்லை. நான் கல்லூரிக்குப் போனேன். அவள் ஏரிக்குப் போனாள், அந்த எண்ணோடு.

பல வருடம் கழித்து ஒரு நாள் ஈரப் புடவையோடு பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தாள். "இன்னாடி இது? அஞ்சு ஒன்னுல வர்ற நாப்பத்தொன்ன அஞ்சால வகுத்தா மீதி ஒன்னு. எரநூத்தி எழுபத்தொன்னுக்கும் ஒன்னு. ஏழு ஒன்னுலயும் அப்டித்தான் வருது. அப்போ இதுக்கு, பதினேழால வகுத்தா மீதி ஒன்னு வர்ற நம்பர மட்டும் பாத்தா போதும்ல? அதுலயும் ரெட்டப்படைய வுட்ரலாம்." நான் எம்.எஸ்ஸி.யில் படித்த தேற்றம் அது. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றே கணினியில் விடையைப் பார்த்துவிட்டேன். 2071723, 5363222357. இரண்டே பகா எண்கள். சொல்ல வாயெடுத்தபோது, "சொன்னீனா உன்னோட பேச மாட்டேன்" என்றாள்.

போன மாதம் ஏரிச் சேற்றில் சிப்பி ஓடு அவள் பாதத்தைக் கிழித்தது. சர்க்கரை இருந்திருக்கிறது, தெரியவில்லை. முழங்கால் வரை எடுத்தார்கள். அப்படியும் விஷம் ஏறிக்கொண்டே போனது. வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அது ஒடையுமா, ஒடையாதா? அத மட்டும் சொல்லு."

"ஒடையும்."

"இன்னும் எவ்ளோ தூரம் கீது?"

தலைமாட்டில் இருந்த நோட்டில் அவள் மூன்று லட்சத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. விடை இருபது லட்சத்துக்கு அப்பால் இருந்தது.

"பக்கத்துலதான்டி. நாலஞ்சு பக்கம் போட்டா வந்துரும்."

அவள் முகம் தெளிந்தது. நானும் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அடக்கம் முடிந்து தம்பி அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "ரெண்டு நாளா படுத்துகினே எழுதிச்சுக்கா. அஞ்சு பக்கம் போட்டுச்சு. வரவே இல்ல. 'எங்கியோ தப்பு பண்ட்டேன்டா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு அழுதுச்சு. அதான் கடைசியா பேசினது."

ஒவ்வொரு வகுத்தலையும் போட்டுப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்த நோட்டு, கடைசி ஐந்து பக்கங்களோடு. அவள் தப்பு பண்ணவில்லை. பண்ணியது நான்.