குடோனுக்கு இன்னொரு பேர்

"பாய், இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" சரக்கு இறக்க எந்த லாரி வந்தாலும், பாண்டித்துரை தகரச் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முதலில் இதைத்தான் கேட்கிறார். பாதி இந்தி, பாதி கைச்சாடை.

துபாய் அல்கூஸில் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் குடோனில் அவருக்கு வேலை. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். தலையில் துண்டு, அதற்கு மேல் கம்பெனித் தொப்பி. மூட்டையோடு பேசிக்கொண்டே தூக்குவார்: "யல்லா, ஏறுப்பா. ஒனக்கென்ன, ரெண்டு நாள்ல கெளம்பிருவ."

பேர் தேடும் பைத்தியம் பெருநாள் லீவில் பிடித்தது. அன்று போனில் மனைவி ஜோதிமணி அழுதாள். "பாப்பா, அப்பா எங்கன்னு கேட்டா. குடோன்ல வேலை பாக்குறாகன்னு சொன்னேன். இவ நம்மூரு ரேஷன் குடோன் வாசல்ல போயி உக்காந்துட்டா. லாரி ரிவர்ஸ் வருதுங்க, லோடுமேன் ஓடிவந்து தூக்கியிருக்காரு. அடிச்சுப் பாத்தேன், மறுநாளும் போயிட்டா."

மகளுக்கு நாலு வயது. அவர் விமானம் ஏறியபோது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். அவளை அந்த வாசலிலிருந்து எழுப்ப, ஊரில் இல்லாத ஒரு சொல் வேண்டும். "பொய் சொல்ல மாட்டேன். பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் "கோதாம்" என்றார். "அது குடோனோட பங்காளில்ல!" தள்ளுபடி. பிலிப்பினோக்காரர் "போடேகா" என்றார். "பெத்த அப்பனப் பத்திப் பேசுறப்ப வாயில 'போடா' வரலாமா?" அதுவும் போயிற்று. கடைசியில் எகிப்துக்கார மேலாளர் அரபியில் சொன்ன "மக்ஸன்" பிடித்துப்போனது.

கணக்குப் பார்க்கும் கீழக்கரை கலீலுர் ரஹ்மானுக்குச் சிரிப்பு. "குடோனே நம்ம கிடங்குதான்னு சொல்றாங்கப்பா. கப்பலேறி மலாய்ப் பக்கம் போயி, வெள்ளைக்காரன் வாயில நசுங்கி, குடோனா ஊருக்குத் திரும்புச்சாம்."

"திரும்பி வந்தப்ப அடையாளம் தெரிஞ்சுச்சா பாய்?"

"எங்க! இங்கிலீஷ்காரன்னு நெனச்சுட்டாங்க."

பாண்டித்துரை சிரிக்கவில்லை. துண்டை உதறிக் கட்டிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை கராமாவில் கார்டு போன் கூண்டுக்கு நீண்ட வரிசை. அவர் முறை வந்ததும் மகளைத்தான் முதலில் கூப்பிடச் சொன்னார்.

"தாயி, அப்பா அந்தக் குடோன்ல இல்ல. அங்கிட்டுப் போகாத. அப்பா இருக்கிறது மக்ஸன். எங்க, சொல்லு?"

"மக்ஸன்." பிசிறில்லாமல் சொன்னாள். அவருக்கு மூச்சு வந்தது.

"அது எங்கிட்டு இருக்குப்பா?"

சொல் தேடியவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இந்தா... இங்கிட்டுத்தான் தாயி" என்று, கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கதவைத் தள்ளிக் கையை வெளியே நீட்டிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கை இறங்கவில்லை.