சிட்டுக்கும் ஒரு டிசி

சிட்டு, உன் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்களாம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம்.

தாமிரபரணிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி இன்று டிசி கொடுத்தார்கள். என்னையும் வரச்சொல்லி ஆள் வந்தது. ஏன் என்று தெரியாமலே போனேன்.

ஊரே வாசலில் நின்றது.

"பாலத்துல லாரி பறக்குதுல்லா, சின்னப் பிள்ளைக எப்படி நடந்து போவும்? ஒருத்தரும் டிசி வாங்காதீய" என்று மளிகைக்கடை அண்ணாச்சி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீசர் பெயர் வாசித்தார். உன் பெயரும் வந்தது.

பெரிய டீச்சர் என் கையைப் பிடித்து, காதோரம் பைய சொன்னார்.

"நாந்தான் அட்டண்டன்ஸ் நோட்டுல பேர எடுக்காம விட்டேன்மா. ஒரு பேரு குறைஞ்சாலும் மூடிருவாவளோன்னு பயம். எடுக்க மனசும் வரல."

நீ காய்ச்சலில் போய் ஒரு வருசம் ஆகிறது. அந்த நோட்டில் மட்டும் நீ பாஸாகி நாலாம் வகுப்புக்குப் போயிருக்கிறாய்.

ஒன்றும் தெரியாத ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்கம்மா? சொன்னா எழுதிருவேன்."

அண்ணாச்சிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குரல் உடைந்திருந்தது.

"வாங்காத தாயி. பிள்ள இங்கனயே இருக்கட்டும்."

வாங்காமல் வந்துவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்து டிசி வாங்காமல் கலைந்தார்களாம். போராட்டத்துக்கு நான்தான் தலைவியாம், போனில் சொல்கிறார்கள்.

ஆபீசர் நாளைக்கும் வருவாராம். அதே கேள்வியைத்தான் கேட்பார்.

அவரிடம் என்ன சொல்லட்டும் சிட்டு, இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய் நீ?